தன் காலால் வந்தவன்

கர்னல் ஆம்ப்ரோஸ் டென்பிக்குச் சுதந்திரம் என்றால் உயிர். உயிரை யாரும் தூக்கி அடுத்தவருக்குக் கொடுப்பதில்லை. அவரும் கொடுக்கவில்லை.

ஜேம்ஸ் ஆற்றங்கரையில் அவருக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. வர்ஜீனியா சட்டசபையில் இருபது வருடமாக எங்கள் ஜில்லாவின் பிரதிநிதியும் அவர்தான். இங்கிலாந்து ராஜாவோடு சண்டை மூண்ட காலத்தில் அவர் பேசாத கூட்டம் கிடையாது. "ராஜா நம்மை அடிமைகளாக நடத்துகிறார்!" என்பார். அடிமை என்ற சொல்லைச் சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கும். அது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நூற்றுப் பதினான்கு பேரைப் பக்கத்தில் இருந்தே பார்த்தவர் அல்லவா?

அந்த நூற்றுப் பதினான்கில் ஒருவன் மிங்கோ. கர்னலுக்குச் சட்டை உடுத்திவிடுவது, காலுறை மாட்டுவது, பொய்முடிக்குப் பொடி தூவுவது எல்லாம் அவன் வேலை. இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. கர்னல் தம் பேச்சைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கும்போது மிங்கோ சட்டசபையாக நிற்க வேண்டும். அவர் கையை உயர்த்தினால் கைதட்ட வேண்டும். தாழ்த்தினால் "வெட்கம்! வெட்கம்!" என்று ராஜாவைக் கடிந்துகொள்ள வேண்டும். ஐந்து வருடம் அவன் இப்படிச் சட்டசபையாக இருந்தான். ஒரே பேச்சை ஐந்து வருடம் கேட்டால் யாருக்குமே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிடும். அவனுக்கும் வந்தது. அவன் கெட்டது அதனால்தான்.

ஆயிரத்து எழுநூற்று எழுபத்தெட்டாம் வருடம் வசந்தத்தில், படைக்கு ஆள் அனுப்பச் சொல்லி ஜில்லாவுக்கு உத்தரவு வந்தது. கோர்ட் வாசலில் ஒரு தொப்பிக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, வாலிபர்களை எடுக்கச் சொன்னார்கள். கர்னலின் ஒரே மகன் லாண்டன் கையை விட்டான். கறுப்புப் புள்ளி வைத்த சீட்டு வந்தது. தேசத்துக்காக மூன்று வருடம். லாண்டன் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் என்று இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

சீட்டு விழுந்தவன் தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்பலாம் என்று சட்டத்தில் இடமிருந்தது. ஆனால் பதிலாள் கிடைக்க வேண்டுமே? கர்னலின் பேச்சைக் கேட்டுப் பாதி ஊர் ஏற்கெனவே போருக்குப் போய்விட்டது. மீதிப் பாதி, அவர் பேச்சைக் கேட்காதவர்கள். கடைசியில் கர்னலின் பார்வை, கீழே குனிந்து அவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தவன் மேல் விழுந்தது.

அதிலும் ஒரு சிக்கல். கறுப்பு ஆளைப் படையில் சேர்ப்பதானால், அவன் சுதந்திர மனிதன் என்று ஒரு நீதிபதி சான்று எழுதித் தர வேண்டும். அடிமைகள் படையில் சேர்ந்து நழுவிவிடுகிறார்கள் என்று புலம்பி அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே கர்னல்தான். நல்லவேளையாக ஜில்லா நீதிபதியும் அவரே.

கர்னல் சட்டத்தை மதிப்பவர். குறுக்குவழி அவருக்குப் பிடிக்காது. பொய்முடி வைத்துக்கொண்டு, நீதிபதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்து, "ஆம்ப்ரோஸ் டென்பி அவர்களே, இந்த மிங்கோ சுதந்திர மனிதன் என்பது உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பிறகு கீழே இறங்கி வந்து, பைபிளை முத்தமிட்டு, "தெரியும், கனம் நீதிபதி அவர்களே" என்றார். மறுபடி மேலே ஏறி, "சாட்சி நம்பத்தக்கவர்" என்று குறித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த மிங்கோவுக்கு உடம்பு சிலிர்த்தது.

"டேய் மிங்கோ, இது என்னன்னு தெரியுதா?"

"காகிதம்ங்க துரை."

"உன் சுதந்திரம்டா! இதக் காட்டினா படையில சேத்துக்குவாங்க. மூணே வருஷம். எம் புள்ள பேரக் காப்பாத்திட்டு வா. வந்ததும் நீ உன் இஷ்டத்துக்கு இருக்கலாம். டென்பி குடும்பத்து வாக்கு."

மிங்கோ காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினான். அங்கே அவன் மனைவி சூக்கி சோள ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னய்யா எழுதியிருக்கு அதுல?"

"நான் சுதந்திர மனுஷன்னு."

"எப்பலேர்ந்து?"

"இன்னிலேர்ந்து."

"அப்ப இன்னிக்கே எங்கேயாவது போயிடேன். சுதந்திர மனுஷன் எதுக்குய்யா அந்தச் சின்னத்துரைக்குப் பதிலாப் போய்ச் சாவணும்?"

மிங்கோ காகிதத்தைப் பத்திரமாக மடித்தான். "துரை என்ன நம்பி எழுதிக் குடுத்திருக்காரு சூக்கி. ஓடினா அது துரோகம்."

"துரோகமா!" மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தாளு பேசறதக் கேட்டுக் கேட்டு உனக்கு மூளை கலங்கிப்போச்சு."

அந்த மூன்று வருடத்தில் மிங்கோ என்ன செய்தான் என்று எழுதப் போனால் அது வீரக்கதை ஆகிவிடும். இது அது இல்லை. நியூ ஜெர்சி முகாமில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பூட்ஸ் இல்லாமல் கந்தல் சுற்றிக்கொண்டு காவல் நின்றதில் இடது காலின் இரண்டு விரல்கள் போயின. ஒரு குண்டு தோளை உரசிப் போனது. அவன் ஓடவில்லை. கெடு முடிந்து படையிலிருந்து விடுவித்தபோது கேப்டன் இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெள்ளைக்காரர் ஒருவர் அவன் கையைக் குலுக்கியது அதுதான் முதல் தடவை. அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் அன்று முழுக்கத் தனியாக வைத்துக்கொண்டிருந்தான்.

கூடவே படையிலிருந்து விடுபட்டவன் ஜூபா, வடக்கே கனெக்டிகட்டுக்காரன். "என்கூட வா. எங்க ஊர்ல தச்சு வேலை கத்துக்கலாம். பொஞ்சாதிய அப்புறம் எப்படியாவது வரவழைக்கலாம்" என்றான்.

"துரை வாக்குக் குடுத்திருக்காரு."

ஜூபா சிரித்தான். சிரிப்பை அடக்க முடியாமல் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு இவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "சரி போ. கோவிச்சுக்காதே" என்று தன் பங்கு பன்றி இறைச்சியை எடுத்து அவன் பையில் போட்டான்.

மிங்கோ இருபத்தாறு நாள் நொண்டிக்கொண்டே தெற்கே நடந்தான். வழியில் காவல்காரர்கள் ஆறு தடவை மறித்தார்கள். ஆறு தடவையும் கர்னலின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். ஒருவன் தொப்பியைக்கூடத் தொட்டான். அந்த இருபத்தாறு நாளும் மிங்கோவை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை, யாரும் கூப்பிடவில்லை. பசித்தபோது உட்கார்ந்தான், தோன்றியபோது எழுந்தான். அப்படி நடந்து நடந்து, தானே கதவைத் திறந்துகொண்டு, டென்பி தோட்டத்துக்குள் போனான்.

"வந்துட்டியா!" கர்னல் வாசலுக்கே ஓடிவந்துவிட்டார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர். "மூணு வருஷமா என் பொய்முடியப் பாருடா! ஒருத்தனுக்கும் பொடி தூவத் தெரியல. போ, போ, கையக் கழுவிட்டு வா."

மிங்கோ கையைக் கழுவிக்கொண்டு வந்து பொடி தூவினான். ஒரு வாரம் பொறுத்து, வாக்கைப் பற்றி மெல்லக் கேட்டான்.

"என் மனசு பூரா சம்மதம்தான்டா. ஆனா சட்டம் விடல" என்றார் கர்னல். "ஒருத்தர் தன் அடிமைய இஷ்டத்துக்கு விடுதலை பண்ணக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. என் கை கட்டிக் கிடக்கு."

"அந்தச் சட்டம் யார் துரை போட்டது?"

"நாங்கதான்."

அடுத்த வசந்தத்தில் சட்டசபை அந்தச் சட்டத்தை மாற்றியது. இனிமேல் விரும்பியவர்கள் விடுதலை செய்யலாம். ரிச்மண்டில் கர்னல் அதை ஆதரித்து இரண்டு மணி நேரம் பேசினார் என்று செய்தி வந்தது. சூக்கி அன்று கொஞ்சம் வெல்லப்பாகு திருடி ரொட்டிக்குள் வைத்தாள். கர்னல் ஊருக்கு வந்து இறங்கியதும் மிங்கோ போய் நின்றான்.

"விரும்பினா பண்ணலாம்னுதானே சட்டம் சொல்லுது?" கர்னல் பொறுமையாக விளக்கினார். "பண்ணியே ஆகணும்னு சொல்லுதா? நீ கேட்டு நான் பண்ணினா அது கட்டாயம். கட்டாயப்படுத்தினா அப்புறம் என் சுதந்திரம் என்ன ஆகறது? அதுக்காகத்தானே இவ்வளவு பேர் ரத்தம் சிந்தினோம்?"

ரத்தம் சிந்தினோம் என்று சொல்லும்போது பெருந்தன்மையோடு மிங்கோவையும் கையால் சேர்த்துக் காட்டினார்.

"அப்ப நான் என்ன துரை பண்றது?"

"மனுக் குடு! ராஜாகிட்ட நாம எத்தனை மனுக் குடுத்தோம்? குறையிருந்தா மனுக் குடுக்கறது மனுஷனோட பிறப்புரிமை." கர்னலுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தம் ஆள் கொடுக்கும் மனுவின் நடை மட்டமாக இருந்தால் தமக்குத்தான் அவமானம் என்று தாமே உட்கார்ந்து எழுதினார். தமக்கு எதிரான அந்த மனுவில் மிங்கோவின் தியாகத்தைப் பற்றி ஒரு பத்தி வந்தது. அதை உரக்கப் படித்தபோது கர்னலால் தாங்க முடியவில்லை. கைக்குட்டை கேட்டார். மிங்கோ எடுத்துக் கொடுத்தான்.

எழுதியவரே அழுதால் வேலை முடிந்த மாதிரிதான் என்று மிங்கோ நம்பினான். மே மாதக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்ததால், கர்னலின் பெட்டிகளோடு அவனும் ரிச்மண்ட் போய்ச் சேர்ந்தான். சட்டசபைக் குமாஸ்தா ஒபதாயா ஸ்ப்ராட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீ சுதந்திர மனுஷனா, அடிமையா?"

"அதத்தாங்க ஐயா மனுவுல கேட்டிருக்கு."

"சுதந்திர மனுஷன்னா உனக்கு இந்த மனுவே வேணாம். அடிமைன்னா மனுக் குடுக்கவே உரிமை கிடையாது. நீயே சொல்லு, நான் என்னன்னு பதிஞ்சுக்கறது?"

"படிச்சுப் பாத்துட்டு நீங்கதாங்க ஐயா சொல்லணும்."

"படிக்கணும்னா வாங்கணும். வாங்கணும்னா நீ யாருன்னு தெரியணும். சட்டம்னா என்ன, வெளையாட்டா?"

மிங்கோ ஐந்து நாள் அந்த மேசைக்கு முன்னால் நின்றான். ஆறாம் நாள் ஸ்ப்ராட்டே இரக்கப்பட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். ஜில்லாப் பிரதிநிதி யாருடைய மனுவையும் சபையில் சமர்ப்பிக்கலாம். எங்கள் ஜில்லாப் பிரதிநிதி கர்னல். ஆகவே கர்னல் எழுதி, கர்னலுக்கு எதிராகக் கொடுக்கப்பட்ட மனுவைக் கர்னலே எழுந்து சமர்ப்பித்தார். சபை கைதட்டியது. மனு குறைதீர்ப்புக் குழுவுக்குப் போனது. அந்தக் குழுவிலும் கர்னல் ஓர் உறுப்பினர். விவகாரம் தம்மைப் பற்றியது என்பதால், நடுநிலைமையைக் காக்கும் பொருட்டு அவர் தம் நாற்காலியை மேசையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

விசாரணை அறைக்குள் உறுப்பினர்களும் சாட்சிகளும் மட்டுமே வரலாம். அடிமை சாட்சி சொல்ல முடியாது. ஆகவே மிங்கோவுக்கு அனுமதி இல்லை. ஆனால் உறுப்பினர்களுக்குப் பஞ்ச் ஊற்ற ஓர் ஆள் வேண்டும். ரம்மும் எலுமிச்சையும் பதமாகக் கலப்பதில் மிங்கோ கைதேர்ந்தவன். தன் வழக்கு நடந்த மூன்று மணி நேரமும் அவன் கையில் கரண்டியோடு அங்கேயே நின்றான்.

குழுத் தலைவர் தாடியஸ் ஓர்ம் தொண்டையைச் செருமினார். அவருக்கும் தோட்டம் உண்டு. குழுவில் எல்லோருக்குமே உண்டு.

"கனவான்களே, விஷயம் சின்னது. நாலு வருஷத்துக்கு முன்னாடி கர்னல் டென்பி பைபிளத் தொட்டு, இவன் சுதந்திர மனுஷன்னு சொன்னாரு. இன்னிக்கு, இவன் என் அடிமைன்னு சொல்றாரு. பாமர ஜனங்க பாத்தா ரெண்டுல ஒண்ணு பொய்யோன்னு நெனப்பாங்க."

உறுப்பினர்களின் கோப்பைகள் பாதி வழியில் நின்றன.

"ஆனா வர்ஜீனியாக் கனவான் பொய் சொல்லமாட்டார். அதனால ரெண்டும் உண்மை. எப்படி உண்மைன்னு கண்டுபிடிக்கத்தான் நாம கூடியிருக்கோம்."

எல்லோருக்கும் உயிர் வந்தது. கோப்பைகள் நீண்டன. மிங்கோ ஊற்றினான்.

முதலில் கால் விரல்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. இரண்டு விரல் போனதாகக் கேப்டன் எழுதிய கடிதம் படிக்கப்பட்டது. வடக்கத்திக் கேப்டனின் வார்த்தையை எப்படி நம்புவது என்று ஓர் உறுப்பினர் சந்தேகம் எழுப்பினார். நியூ ஜெர்சிக்கு எழுதி, முகாம் வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றார் இன்னொருவர். பதில் வர இரண்டு மாதம் ஆகுமே என்றார் ஸ்ப்ராட்.

மிங்கோவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, பூட்ஸக் கழட்டிக் காட்டட்டுங்களா?" என்றான்.

ஓர்ம் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரோ பேசின மாதிரி இருந்துச்சு?"

"சட்டப்படி யாரும் பேசலைங்க" என்றார் ஸ்ப்ராட்.

"அப்ப சரி. நியூ ஜெர்சிக்கு எழுதுங்க."

அடுத்தது, போனவை யாருடைய விரல்கள் என்ற நுட்பமான கேள்வி. பதிலாள் செய்வதெல்லாம் அவனை அனுப்பியவர் செய்ததாகவே சட்டம் பார்க்கிறது. அப்படியென்றால் மூன்று வருடம் போரில் நின்றவர் லாண்டன் டென்பி. பனியில் விரல் இழந்தவரும் அவரே. லாண்டன் உள்ளே அழைக்கப்பட்டான். கோடைக்குப் பிறகு வரும் தேர்தலில் நிற்க உத்தேசித்திருந்ததால் அவன் சில வாரங்களாகவே லேசாக நொண்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நியூ ஜெர்சில குளிர் எப்படி இருந்துச்சு?" என்று ஓர்ம் தழுதழுத்தார்.

"தாங்க முடியலைங்க" என்றான் லாண்டன்.

உறுப்பினர்கள் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். லாண்டன் உள்ளே வரும்போது வலது காலையும் வெளியே போகும்போது இடது காலையும் நொண்டினான். அதைக் கவனித்தவன் மிங்கோ ஒருவன்தான், அவன் சட்டப்படி அங்கே இல்லை.

கடைசியில் கர்னல் எழுந்தார். மிங்கோ கரண்டியைக் கீழே வைத்தான். அவர் எழுதிய மனுவை அவரே படித்து அழுததை இவன் கண்ணால் பார்த்திருக்கிறான். மனுஷன் கைவிடமாட்டார் என்று அந்த நிமிடம்கூட நினைத்தான்.

"கனவான்களே, நான் இவனச் சுதந்திர மனுஷன்னு சொன்னேன். ஆமா! சொன்னேன்! சொன்னபடி இவன் மூணு வருஷம் சுதந்திரமா இருந்தான். பனியில நின்னான், குண்டு பட்டான், எல்லாத்தையும் ஒரு சுதந்திர மனுஷனாத்தான் அனுபவிச்சான். அதுல நான் ஒருநாளும் குறுக்க வரல. படையிலேர்ந்து விட்டதும் இவன் முன்னால உலகமே தெறந்து கெடந்துச்சு. வடக்கே போயிருக்கலாம். மேற்கே போயிருக்கலாம். நான் நாய் விட்டனா? கயிறு அனுப்பினனா? இருபத்தாறு நாள், வெரல் இல்லாத காலோட, தானா நடந்து, தன் கையாலயே கதவத் தெறந்துட்டு எங்கிட்ட வந்தான். என் ஆயுசுல இதவிடச் சுதந்திரமான முடிவ நான் பாத்ததில்ல! ஒரு சுதந்திர மனுஷன் யோசிச்சு எடுத்த முடிவ ரத்து பண்ண இந்தக் குழுவுக்கு என்ன உரிமை இருக்கு? அது கொடுங்கோன்மை இல்லையா? அதச் செய்யறவன் ராஜா. நாம ராஜா இல்ல!"

பேசி முடித்துக் கையை உயர்த்தினார். அறை அதிரக் கைதட்டினார்கள். ஐந்து வருடப் பழக்கத்தில் மிங்கோவின் கைகளும் உயர்ந்தன. பாதியில் அவன் அவற்றைப் பிடித்து நிறுத்தினான். கால் விரல் போனபோது அவனுக்கு இப்படி வலிக்கவில்லை.

குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. மிங்கோ மூன்று வருடமும் இருபத்தாறு நாளும் சுதந்திர மனிதனாக இருந்தான். அந்தச் சுதந்திரத்தை முழுமையாகப் பயன்படுத்தி, தன் விருப்பப்படியே கர்னலிடம் திரும்பினான். இவ்வளவு விசுவாசத்தைச் சபை மெச்சுகிறது. சான்றுக் காகிதம், கர்னலின் தாராள மனதுக்கு அத்தாட்சியாகச் சபையின் ஆவணக் காப்பறையில் வைக்கப்படும். ஸ்ப்ராட் வந்து மிங்கோவின் கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை அவரே எடுத்துக்கொண்டார். "இனிமே பத்திரமா இருக்கும்" என்று ஆறுதலும் சொன்னார்.

அன்று மாலை விடுதி அறையில், கர்னலின் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே மிங்கோ கேட்டான்.

"துரை, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு, கேளு." கர்னல் நல்ல மனநிலையில் இருந்தார்.

"நான் திரும்பி வராம அப்படியே வடக்கே போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

கர்னல் நேர்மையாக யோசித்தார். "சட்டப்படி பாத்தா, உன்னத் தொட முடிஞ்சிருக்காது. என் கையெழுத்தே இருக்கே."

"அப்ப, உங்க வாக்க நம்பாம இருந்திருந்தா நான் சுதந்திர மனுஷன்."

"ஆமா."

"நம்பினதால அடிமை."

"சுருக்கமாச் சொன்னா அப்படித்தான்." கர்னல் அவன் தோளில், குண்டு உரசிய அதே தோளில், அன்பாகத் தட்டினார். "அதான்டா உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே. நம்பிக்கையான ஆளு."

மிங்கோ மிச்சப் பொத்தான்களையும் கழற்றினான். கோட்டைத் தட்டி மாட்டினான். அவனுக்குக் கர்னல் மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் அதிகம் ஆத்திரம் வந்தது. இந்த மனிதரின் ஒரு சொல்லுக்காக ஜூபாவின் கையை உதறிவிட்டு வந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டான். சாட்டையால் அடித்து இழுத்து வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தன் காலாலேயே வந்தோமே என்பதைத்தான் அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் சூக்கியிடம் எல்லாவற்றையும் சொன்னான். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவள் ஆரம்பிப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் அப்படிச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்தாளு அடுத்து எப்பய்யா பேசறாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஜூலை நாலாம் தேதி. சுதந்திரத் திருநாளுக்கு."

"எவ்வளவு நேரம் பேசுவாரு?"

"மூணு மணி நேரத்துக்குக் கொறஞ்சதே இல்ல."

ஜூலை நாலாம் தேதி கோர்ட் மைதானத்தில் ஜில்லாவே கூடியது. காவல்காரர்கள், கங்காணிகள், படகுத்துறை அதிகாரி எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கர்னல் மேடையேறி, "மனிதன் எவனும் இன்னொரு மனிதனுக்குச் சொந்தமில்லை!" என்று முழங்கிய நேரத்தில், மிங்கோவும் சூக்கியும் ஆளில்லாத துறையில் ஒரு படகை அவிழ்த்தார்கள். கூட்டத்தின் கைதட்டல் நடு ஆறு வரைக்கும் கேட்டது. அன்றைய சுதந்திரப் பேச்சால் வர்ஜீனியாவில் நேரடியாகப் பலன் அடைந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். போன வருடம் மிங்கோ நடுரோட்டில் தலை நிமிர்ந்து நடந்து வந்த வழி முழுவதையும் இப்போது இருவரும் புதருக்குள் குனிந்தே கடந்தார்கள்.

கர்னல் மனமொடிந்து போனார். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றுகூடச் சொல்கிறார்கள். மூன்றாம் நாள் பத்திரிகைக்கு விளம்பரம் எழுதினார்.

ஒரு மாதம் கழித்துப் பிலடெல்பியாவில், கயிற்றாலை வாசலில் வேலை கேட்டு நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். சூக்கிக்கு ஒரு விடுதிச் சமையலறையில் ஏற்கெனவே வேலை கிடைத்துவிட்டது. மிங்கோ ஐந்தாவதாக நின்றான். இப்போது அவன் பெயர் ஏப்ரல் பெர்கின்ஸ். முன்னால் நின்றவன் பொழுதுபோகாமல் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்.

"'மிங்கோ என்ற என் ஆள், எந்தக் காரணமும் இல்லாமல், என் நம்பிக்கைக்குத் துரோகம் செய்து ஓடிவிட்டான். இடது காலில் இரண்டு விரல் கிடையாது. தன்னைச் சுதந்திர மனிதன் என்றும், போரில் நின்ற படைவீரன் என்றும் பொய் சொல்லித் திரிவான். பிடித்துத் தருபவர்களுக்கு ஆம்ப்ரோஸ் டென்பி வெகுமதி தருவார்...' எந்தக் காரணமும் இல்லாமயாம்! பாவம், எவ்வளவு நல்ல எஜமானோ!" என்று சொல்லிச் சிரித்தான். வரிசையில் நாலைந்து பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மிங்கோவும் சிரித்துவைத்தான்.

ஆலை மேஸ்திரி வெளியே வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். அவருக்கே ஒரு கை மணிக்கட்டோடு இல்லை.

"போருக்குப் போய் வந்தவங்க எல்லாம் முன்னால வாங்கப்பா. இங்க அவங்களுக்குத்தான் முதல்ல வேலை. மத்தவங்க பின்னால."

மூன்று பேர் நகர்ந்து முன்னால் போனார்கள். மேஸ்திரியின் பார்வை மிங்கோவின் காலில் நின்றது.

"நீ நொண்டறியே தம்பி. எந்தப் பட்டாளம்?"

பத்திரிகை படித்தவன் திரும்பிப் பார்த்தான். விளம்பரம் இன்னும் அவன் விரலுக்கு அடியில் இருந்தது. மிங்கோவுக்குத் தன் பட்டாளத்தின் பெயரும், கேப்டனின் பெயரும், அந்தக் குளிரில் பக்கத்திலேயே விறைத்துச் செத்த ஏழு பேரின் பெயரும் நாக்கு நுனி வரை வந்தன.

"சண்டைக்கெல்லாம் போகலைங்க" என்றான். "கால்ல வண்டி ஏறிடுச்சு."

"அப்படியா. கோவிச்சுக்காதேப்பா, பின்னால போய் நில்லு."

மிங்கோ வரிசை முழுவதையும் தாண்டிப் பின்னால் போய் நின்றான்.